பெயர்களைப் பிளக்கும் கோடுகள்

திரைப்படத்தின் பெயர்ப்பட்டியலை, கதை ஆரம்பிக்குமுன் கழித்துவிட வேண்டிய சடங்காகவே நம்மில் பலர் கருதுகிறோம். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) இதற்கு மறுப்பு. அதன் டைட்டிலில் ஸால் பாஸ் கத்தியையோ ரத்தத்தையோ வரையவில்லை. கறுப்புத் திரையில் சாம்பல் நிறக் கோடுகள் பக்கவாட்டிலும் செங்குத்திலும் பாய்கின்றன. துண்டுகளாகக் கிடக்கும் எழுத்துக்கள் ஒரு கணம் சேர்ந்து பெயராகின்றன. உடனே பிளந்து விலகுகின்றன. (நாளெல்லாம் படிவக் கட்டங்களுக்குள் பெயர் நிரப்பும் என் போன்ற குமாஸ்தாவுக்கு இது கூடுதலாகவே உறைக்கிறது.) கூடவே பெர்னார்ட் ஹெர்மனின் இசை, தந்தி வாத்தியங்கள் மட்டும். பிளவுண்ட மனத்தைப் பற்றி, படக் கடைசியில் மனநல மருத்துவர் நீட்டி முழக்குவதை எழுத்துக்களே இரண்டு நிமிஷத்துக்குள் நிகழ்த்தி முடித்துவிட்டன. அந்த மருத்துவர் காட்சி எனக்கு உபரியாகப் படுவது இதனால்தான்.

பாஸின் 'நார்த் பை நார்த்வெஸ்ட்' (1959) டைட்டிலில் கோடுகள் கண்ணாடிக் கட்டிடமாக மாறுகின்றன. சாமர்த்தியம், அதற்கு மேல் இல்லை.

டேவிட் ஃபின்ச்சரின் 'செவன்' (1995) வேறு வழி. கைல் கூப்பர் கொலைகாரனின் விரல்களை நெருங்கிக் காட்டுகிறார்: தோலைச் சீவும் பிளேடு, தைக்கப்படும் நோட்டுப் புத்தகங்கள், கீறி எழுதியதுபோல் நடுங்கும் பெயர்கள். அவன் முகம் பிற்பகுதியில்தான் தெரியவரும். அந்த வேஷத்தில் நடித்த கெவின் ஸ்பேஸியின் பெயர் இப்பட்டியலில் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது. கைகள் உண்டு, பெயர் இல்லை. பின்னால் வந்த படங்கள் பலவும் நடுங்கும் எழுத்தை மட்டும் கடன் வாங்கிக்கொண்டன.