கால்களற்ற மாடுகள்: தாஸிலிப் பாறை ஓவியங்களும் ஹம்பாத்தே பாவின் வாசிப்பும்

அல்ஜீரியாவின் தென்கிழக்கே, சஹாராவுக்குள், தாஸிலி நஜ்ஜேர் என்றொரு மணற்கல் மேட்டுநிலம் இருக்கிறது. 15,000க்கும் மேற்பட்ட பாறை ஓவியங்களும் செதுக்குகளும் அங்கே உண்டு. யுனெஸ்கோ 1982இல் அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. புல் அருகிப்போன அந்தப் பாறைகளில் மாடுகள் மந்தை மந்தையாக நிற்கின்றன. சஹாரா பசுமையாகக் கிடந்த காலத்திலும் அது வறண்டுகொண்டு வந்த காலத்திலும் மாடு மேய்த்தவர்கள் கீறியவை அவை.

இவற்றை உலகறியச் செய்தவர் ஹென்றி லோத் என்ற பிரெஞ்சுக்காரர். 1956, 57இல் ஓவியர் குழுவோடு போய்ப் பிரதியெடுத்துப் பாரிஸில் காட்சிக்கு வைத்தார். பெரிய உழைப்புத்தான். ஆனால் நிறம் துலங்கட்டும் என்று பாறைச் சுவர்களை நனைத்துத் துடைத்ததால் ஓவியங்களுக்குச் சேதம் வந்தது. பிரதிகளுக்குள் எகிப்தியச் சாயலில் போலிகள் புகுந்திருந்ததும் பின்னர் தெரியவந்தது. ஜபரேனில் உள்ள பேருருவமொன்றுக்கு லோத் 'செவ்வாய்க் கடவுள்' என்று விளையாட்டாகப் பெயர் வைத்தார். பிறகு வந்த வொன் டெனிக்கன் அதை விண்வெளி மனிதனாகவே ஆக்கிவிட்டார். அந்த உருவம் மேய்ப்பர்களுக்கு முந்திய காலத்தது. அதை யார் கவனித்தார்கள்? வைத்த பெயரே உரையாகிப் போயிற்று.

எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு வாசிப்பு. மாலி நாட்டின் பாண்டியாகராவில் பிறந்த அமது ஹம்பாத்தே பா, சூஃபி ஆசான் தியெர்னோ பொக்காரின் மாணவர். மாடு வளர்க்கும் புலானி இனத்தவர். புலானி இடையர்களின் தீட்சை மரபைச் சொல்லும் 'கூமென்' என்ற நூலை ஜெர்மேன் தியெதர்லேனுடன் சேர்ந்து 1961இல் வெளியிட்டார். 1966இல் இருவரும் தாஸிலி ஓவியங்களை அந்த மரபின் வழியே விளக்கி எழுதினார்கள். தின் தஸரிஃப்ட் என்ற இடத்தில் கால்கள் குட்டையாகவும் இல்லாமலும் தெரியும் மாடுகள் உண்டு. அவை நீருக்குள் இறங்கி நிற்கின்றன, அது 'லோத்தோரி' என்ற நீர்ச்சடங்கு என்றார் ஹம்பாத்தே பா. மாடு நீரிலிருந்து வந்தது என்பது புலானிகளின் தொன்மம். தான் உறுதியான முஸ்லிமாக இருந்துகொண்டே, இஸ்லாத்துக்கு முந்திய தன் முன்னோரின் சடங்கை ஏளனமின்றி, ஒளிக்காமல் பேசினார் அவர். 'ஜாஹிலிய்யா' என்ற ஒரு சொல்லோடு பழையதையெல்லாம் மூடிவைக்கப் பழகிய நமக்கு இது யோசிக்க வேண்டிய விடயம்.

என்றாலும் அந்த விளக்கத்தை அப்படியே ஏற்க என்னால் முடியவில்லை. ஓவியத்துக்கும் புலானி வாய்மொழிக்கும் இடையில் ஆயிரக்கணக்கான வருடங்கள் கிடக்கின்றன. புலானிக் கதையைக் கொண்டு ஓவியத்துக்குப் பொருள் சொல்வது, பிறகு அதே ஓவியத்தைக் காட்டிப் புலானிகள் அங்கிருந்து வந்தவர்கள் என்பது, வட்டத்தில் ஓடுகிற வாதம். நச்சினார்க்கினியர் எங்கோ கிடக்கும் சொல்லை இழுத்துவந்து பொருள் கூட்டும் 'மாட்டு' முறையைப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது எனக்கு வந்த அதே சந்தேகம் இங்கும் வருகிறது. புலமை பெரிது, தூரம் அதைவிடப் பெரிது.

ஆனால் அவரிடம் லோத்துக்கு இல்லாத ஒன்று இருந்தது. மாட்டோடு வாழ்ந்த சமூகத்தின் கண். எங்கள் சாச்சா முப்பது வருடம் மாட்டுப்பட்டி வைத்திருந்தவர். தாஸிலி மந்தை ஒன்றின் படத்தை ஃபோனில் காட்டினேன். மனித உருவங்களை அவர் பார்க்கவே இல்லை. "மடியப் பாரு மகன், இது கண்டு ஈன்ட மாடு. ஒவ்வொண்டுக்கும் புள்ளி வேற வேற. இது மாட்டோட கிடந்தவன் கீறினது" என்றார். உண்மைதான். மனித முகங்களைப் பல இடங்களில் ஒரு கோட்டோடு முடித்த அந்த ஓவியர்கள் கொம்பின் வளைவையும் தோலின் நிறத்தையும் மடியையும் மாட்டுக்கு மாடு வேறுபடுத்தியிருக்கிறார்கள். வணங்கப்பட்ட பொதுவான 'மாடு' அல்ல அது. அடையாளம் தெரிந்த மாடுகள்.

இந்தக் கண்ணுக்குச் சான்று மண்ணுக்குள்ளிருந்தும் வந்தது. பக்கத்து லிபியாவின் அகாகஸ் மலையில் தகர்கோரி என்ற பாறைக்குகையில் கிடைத்த மட்பாண்டச் சில்லுகளில் பால்கொழுப்பு ஊறியிருப்பதை 2012இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஏறத்தாழ 7,000 வருடப் பழமை. மடியை ஏன் அவ்வளவு கவனமாகக் கீறினார்கள் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அதே லிபியாவின் மெஸ்ஸாக் மேட்டில் கல்லடுக்குகளின் கீழே மாட்டெலும்புகள் கிடைத்தன. சுற்றிலும் பாறைச் செதுக்குகள். ஆக, மாட்டைச் சுற்றிச் சடங்கு இருந்தது என்பதில் ஹம்பாத்தே பா பிழை விடவில்லை. எந்தச் சடங்கு, என்ன பெயர் என்று போகும்போதுதான் கால் வழுக்குகிறது.

கடைசியாக அந்தக் கால்களற்ற மாடுகளையும் சாச்சாவிடம் காட்டினேன். கதை எதையும் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "தண்ணிக்குள்ள நிக்குது போல" என்றார். எனக்கு உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. கொஞ்சம் பொறுத்து, "படுத்துக் கிடந்தாலும் இப்பிடித்தான் இரிக்கும்" என்று ஃபோனைத் திருப்பித் தந்தார்.