குதிரைக்கும் வருணமா?

மனிதனை நான்காகப் பிரித்து அடுக்கி வைத்தவர்களுக்கு அதோடு ஆசை அடங்கவில்லை. கொட்டிலுக்குள்ளும் நுழைந்தனர், புல் தின்றுகொண்டிருந்த குதிரையைப் பார்த்து, "நீ எந்த வருணம்?" என்று கேட்டனர். சிரிக்காதீர்கள், தோழர்களே! சாலிகோத்திரர் பெயரால் வழங்கும் பரிநூல் மரபு, குதிரை இனத்தையும் பிராமணன், சத்திரியன், வைசியன், சூத்திரன் என வகுத்து, வருணத்துக்கொரு குணமும் கூறுகிறது. வைரக்கல்லுக்கு வருணம் கண்டவர்கள், போசன் பெயரால் வழங்கும் 'யுக்திகல்பதரு'வில் கப்பல் கட்டும் மரத்துக்கே வருணம் கண்டவர்கள், உயிருள்ள குதிரையை விட்டுவிடுவார்களா?

நகுலன் பெயரால் வழங்கும் 'அசுவ சாத்திர'த்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தார் 1952இல் வண்ணப் படங்களுடன் அச்சிட்டனர். அதற்காக அவர்களைப் பாராட்டலாம்; பழஞ்சுவடி கரையானுக்கு இரையாவதை எவர் விரும்புவார்? ஆனால் அத்தகைய நூலைச் சரித்திரச் சான்றாகப் படிப்பது வேறு. சந்தையில் குதிரை பிடிக்க வழிகாட்டியாகக் கொள்வது வேறு. 6ஆம் நூற்றாண்டின் வராகமிகிரர் எழுதிய 'பிருகத் சம்கிதை'யிலும் குதிரை இலக்கணத்துக்கு ஓர் இயல் உண்டு. உடலில் எங்கே மயிர் சுழித்தால் நன்மை, எங்கே சுழித்தால் தீமை என்று அது கணக்கிடுகிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கடந்தும், ஆடி மாதத்து அந்தியூர்க் குதிரைச் சந்தையில் "சுழி சுத்தமா?" என்ற கேள்வி ஓய்ந்தபாடில்லை.

முன்னோர் அனுபவம் என்பார்கள். யாருடைய முன்னோர்? நான்கு காலும் முகமும் வெளுத்த குதிரை நமக்குப் பஞ்சகல்யாணி, மங்கலத்தின் மறுவடிவம், கண்டவுடன் விலை ஏறும். இங்கிலாந்தின் நாட்டுப்புற வழக்கிலோ, வெளுத்த கால்களின் எண்ணிக்கை ஏற ஏற மதிப்பு இறங்கும். நான்கும் வெளுத்தால் அது ஆகாத குதிரை! இராசபுதனத்து மார்வாரிக் குதிரையில் கருமை சாவின் நிறம், தீய குறி. நெதர்லாந்தின் பிரீசியன் இனத்துக்கோ கருமைதான் பெருமை. அந்நிறத்துக்காகவே அதைத் தேர்ந்தெடுத்து வளர்க்கின்றனர். கடல் கடந்தால் தலைகீழாகும் ஒன்றை அனுபவ அறிவென்று எப்படி ஒப்புவது?

சாத்திரம் மலிந்திருந்த நாட்டில் குதிரை எப்படி வாழ்ந்தது என்பதையும் பார்ப்போம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். அரபு நாடுகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் கப்பலேறி வந்தன. பெரும்பொருள் கொடுத்து மன்னர் வாங்கினர். ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை மாண்டன. சோற்றோடு இறைச்சியை வேகவைத்துக் குதிரைக்கு ஊட்டினராம்! மருத்துவம் அறிந்தவரும் இங்கில்லை. அத்தகையவர் வந்து சேராதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டனர் என்றும் அவர் கூறுகிறார். குதிரை பிழைத்தால் வியாபாரம் படுத்துவிடுமல்லவா? சுழிக்குப் பலன் எழுதிய நாட்டில், வயிற்றுக்கு வேண்டியது புல்லும் தானியமும் என்று எடுத்துச் சொல்ல ஆளில்லை. ஆண்டுதோறும் கருவூலம் கரைந்தது. குடிமக்களின் வரிப்பணம் கொட்டிலில் செத்து விழுந்தது.

இனி, நிறத்தைப் பற்றி விஞ்ஞானம் கூறுவதைக் கேளுங்கள். மங்கலம் என்று போற்றப்படும் வெண்புரவிகளுள் பெரும்பாலானவை பிறக்கும்போது வெள்ளையல்ல. கருமையாகவோ செம்மையாகவோ பிறந்து, சில ஆண்டுகளில் நரைத்து வெளுப்பவை. ஆகவே, கரிய குட்டி ஆகாதென்று ஒருவன் தள்ளிவிட்ட அதே குதிரை, வளர்ந்தபின் வெள்ளைக் குதிரையாக மற்றொருவன் வாசலில் நிற்கக்கூடும்! இந்நரைக்குக் காரணமான மரபணு மாற்றம் 2008இல் கண்டறியப்பட்டது. அதே மாற்றம் தோலில் கருங்கட்டிகளையும் வளர்க்கிறது. 15 வயதைக் கடந்த வெண்குதிரைகளுள் பெரும்பாலானவற்றுக்கு அக்கட்டிகள் தோன்றுகின்றன. நிறத்தைப் பார்த்து அஞ்சத்தான் வேண்டுமென்றால், அஞ்ச வேண்டிய நிறம் எது? சாத்திரம் மாலை சூட்டிய நிறம்.

நிறத்தோடு நின்றதா பேதம்? பாலுக்கும் தாவிற்று. மேலைநாட்டார் செந்நிறப் பெட்டைக் குதிரை என்றாலே முகம் சுளிப்பர். முன்கோபக்காரி என்பது அவர்கள் பட்டம். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1,200க்கும் மேற்பட்டோரிடம் கருத்துக் கேட்டு 2019இல் வெளியிட்ட ஆய்வில், சவாரிக்குக் காயடித்த குதிரையையே பலரும் நாடியதும், பெட்டையின் குணத்தைக் குறைத்து மதித்ததும் தெரிந்தன. ஆண்குதிரை கடித்தால் வீரம்; பெட்டை காதைப் பின்னுக்குச் சாய்த்தாலே சண்டிக் குணம்! பருவ நாட்களில் பெட்டையின் நடத்தை சிறிது மாறலாம் என்பது மெய்யே. அதைக் கொண்டு ஓர் இனத்தின் பாதியைத் தள்ளிவைப்பது எந்த நியாயம்? மனைவி, மகள், மருமகள் ஆகியோரைப் பற்றி இதே நாவுகள் என்ன பேசுகின்றன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

1956இல் சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் ஒலிம்பிக் குதிரைப் போட்டி நடந்தது. செருமானிய வீரர் விங்க்ளர் தசை கிழிந்து, சேணத்தில் அமரவே துடித்தார். அவரைச் சுமந்து, கடைசிச் சுற்றில் ஒரு தடையையும் தட்டாமல் தாண்டித் தங்கம் வென்று தந்தது ஆல்லா என்னும் பெட்டைக் குதிரை. 2018 உலகப் போட்டியில் இசபெல் வெர்த்துக்குத் தங்கம் தேடித் தந்த பெல்லா ரோசும் பெட்டைதான். அதிலும், அவர்கள் அஞ்சும் அதே செந்நிறப் பெட்டை!

இவ்வளவுக்குப் பிறகும் மூடத்தனம் ஏன் சாகவில்லை? அதில் ஆதாயம் இருக்கிறது. துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் தரகருக்குச் சுழி ஒரு கருவி. பல்லில் பழுதென்று சொன்னால், விற்பவன் வாயைத் திறந்து காட்டி மறுப்பான். காலில் நொண்டலென்றால் ஓட்டிக் காட்டுவான். "இந்தச் சுழி வீட்டில் சாவு கொண்டுவரும்" என்று காதோடு சொன்னால், கடன் வாங்கித் தீனி போட்ட அந்த ஏழை எதைக் காட்டி மறுப்பான்? கேட்ட விலைக்குத் தலையாட்டிவிட்டுக் கயிற்றை மாற்றிக் கொடுக்கிறான்.