ஊசி முந்தியது, சான்று பிந்தியது

கருவுற்ற மாதரின் இரத்தம் மற்றவரின் இரத்தத்தைவிட எளிதில் உறையும். பிள்ளைப்பேற்றின்போது குருதி பெருகி உயிர் போகாதிருக்க இயற்கை அமைத்த காவல் அது. காவல் அளவு மீறினால் நச்சுக்கொடியின் நுண்குழாய்கள் அடைபட்டுக் கரு அழியும் என மருத்துவர் பலர் எண்ணினர். கேட்பதற்குப் பொருத்தமான எண்ணந்தான். ஆயினும் அது மெய்யா? இவ்வினாவைச் சோதித்த 'அலைஃப் 2' என்னும் ஆய்வின் முடிவை 2023இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது. சிவோன் குவென்பியும் அவருடன் பணியாற்றியோரும் எழுதிய அவ்வுரையை மதிப்பிடப் புகுமுன், வினா பிறந்த வழியைக் காண்பது நலம்.

1997இல் லண்டனில் ராய், ரீகன் முதலியோர், தம் உடலையே தாக்கும் ஒருவகை எதிர்ப்பொருளை இரத்தத்தில் கொண்டு, பலமுறை கருவிழந்த 90 மாதரை ஆராய்ந்தனர். ஆஸ்பிரின் மட்டும் பெற்ற 45 பேரில் 19 பேருக்கே குழந்தை தங்கியது. அதனுடன் ஹெப்பாரின் ஊசியும் பெற்ற 45 பேரில் 32 பேருக்குத் தங்கியது. மறுக்கவொண்ணாத பயன். ஆனால் அந்நோய் பெற்றோர்வழி வருவதன்று. பெற்றோர்வழி வரும் உறைதற்குறை வேறு. அதற்குக் காரணமான மரபணு மாற்றங்களுள் பெயர்பெற்ற ஒன்று 1994இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கண்டறியப்பட்டு, அந்நகரின் பெயராலேயே வழங்குகிறது. ஒன்றில் பலித்த மருந்து மற்றொன்றிலும் பலிக்கும் என்று பலர் கருதிவிட்டனர். பிழை இங்கேதான் நுழைந்தது.

அக்கருத்துக்கு அரணாக வந்தது 2004இல் பிரான்சின் நீம் நகரிலிருந்து கிரிஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. உறைதற்குறை உடைய 160 மாதரில் பாதிப்பேருக்கு ஆஸ்பிரின், பாதிப்பேருக்கு எனொக்ஸாப்பாரின் என்னும் ஹெப்பாரின் வகை ஊசி. முன்னவரில் 23 பேரும் பின்னவரில் 69 பேரும் குழந்தை பெற்றனர். எண்கள் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் மருந்தே பெறாத பிரிவு ஒன்று எங்கே? இல்லை. இம்மாதர் முன்பு ஒருமுறை மட்டுமே கருவிழந்தவர்கள். அத்தகையோர் மருந்தின்றியே அடுத்தமுறை நலமாகப் பெறுவதை மகப்பேற்று மருத்துவர் அடிக்கடி காண்கின்றனர். அப்படியிருக்க, ஆஸ்பிரின் பெற்ற 80 பேரில் 23 பேரே பெற்றனர் என்றால், ஊசியின் வெற்றியை வியப்பதற்கு முன் ஆஸ்பிரின் பிரிவின் தோல்வியை ஐயுற்றிருக்க வேண்டும். அவ்வாறு ஐயுற்றோரும் உண்டு. ஆயினும் ஊசி பரவியது.

ஊசி என்றால் ஒருநாள் ஊசியன்று. கரு உண்டானது தெரிந்த நாள்முதல் நாள்தோறும் வயிற்றுத் தோலில் தானே குத்திக்கொள்ள வேண்டும், குத்திய இடமெல்லாம் கன்றும், செலவும் சிறிதன்று. ஹெப்பாரின் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது. நம் நாடுகளில் இதை முன்கூட்டிச் சொல்லாமல் கொடுப்பது முறையாகாது. இரண்டு மூன்று கருவை இழந்தவள் எதைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்வாள். சான்றைக் கேட்க வேண்டியவர் அவளல்லர், மருத்துவரே.

அலைஃப் 2 அச்சான்றைத் தேடியது. இருமுறையோ அதற்கு மேலோ கருவிழந்த, மரபுவழி உறைதற்குறை உடைய 326 மாதர், ஐந்து நாடுகள், 40 மருத்துவமனைகள். யாருக்கு ஊசி, யாருக்கு வழக்கமான கண்காணிப்பு மட்டும் என்பதைக் குலுக்கல் முறையே தீர்மானித்தது. ஊசி பெற்றோரில் 162க்கு 116 பேரும், பெறாதோரில் 158க்கு 112 பேரும் குழந்தை பெற்றனர். நூற்றுக்கு 72, நூற்றுக்கு 71! மருந்தின்றியே பத்தில் ஏழு பேர் தாயாயினர் என்பதே, என் கருத்தில், இவ்வுரையின் அரிய செய்தி. கருவிழந்த பெண்ணுக்கு முதலில் சொல்லவேண்டிய செய்தியும் அதுவே.

குறைகளும் உள. வெற்று ஊசி வைத்து ஒப்பிடவில்லை. எனினும் உயிருடன் பிறந்ததா என்பதை எண்ணுவதில் மனச்சாய்வு நுழைய இடம் குறைவு. போதிய மாதரைச் சேர்ப்பதற்கே 2012 முதல் 2021 வரை பிடித்தது. அப்படிச் சேர்ந்த 326 பேர் என்பது சிறிய கூட்டமே. நூற்றுக்குப் பத்தளவான நன்மையோ தீமையோ அவ்வெண்களுக்குள் ஒளிந்திருக்கக்கூடும் என்பதை ஆய்வாளர் தந்த கணக்கே காட்டுகிறது. லைடன் மாற்றம் ஐரோப்பியரில் நூற்றுக்கு ஐவரளவில் உண்டு. சீனரிடம் மிக அரிது. ஆகவே சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இவ்வெண்களை அப்படியே எடுத்தாள முடியாது. ஆன்டித்திராம்பின் குறைவு போன்ற அரிய வகையினர் இவ்வாய்வில் மிகச் சிலரே. அவர்களைப் பற்றி இது தீர்ப்புரைக்கவில்லை.

கருவிழந்தோர் அனைவரிடத்தும் இம்மரபணுக்களைத் தேடிச் சோதிக்க வேண்டியதில்லை என்கின்றனர் ஆய்வாளர். அதை நான் ஏற்கிறேன். முன்பே காலிலோ நுரையீரலிலோ இரத்தக்கட்டி கண்டவர்களும், லண்டன் ஆய்விலே சொன்ன எதிர்ப்பொருள் உடையவர்களும் வேறு வகையினர். அவர்கள் இதைப் படித்துவிட்டு ஊசியை நிறுத்திவிடலாகாது.