லாச்சிபோல் வழுகும் முழங்கால்

ஒரு கையால் நாயின் தொடையெலும்பைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கீழ்க்காலெலும்பை முன்னே தள்ளும்போது, அது மேசை லாச்சி இழுபடுவதுபோல் வழுகி வந்தால், முழங்காலுக்குள் இருக்கும் சிலுவைச் சவ்வு அறுந்துவிட்டது என்று அர்த்தம். பெரிய நாயென்றால் மயக்க ஊசி தேவைப்படலாம். மற்றப்படி பழகிய கையே போதும். சென்னையில் ஜவ்வு என்பார்கள், யாழ்ப்பாணத்தில் சவ்வு என்பார்கள். நோயும் சோதனையும் ஒன்றுதான். சிகிச்சையில்தான் வழி பிரிகிறது. தமிழ்நாட்டில் வேப்பேரிக் கல்லூரி 1903 முதல் இயங்குகிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி என்று கல்லூரிகள் பரவிவிட்டன. இலங்கை முழுவதற்கும் கால்நடை மருத்துவ பீடம் கண்டியை அடுத்த பேராதனையில் ஒன்றே. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிவரை ஏ9 வீதி 321 கிலோமீற்றர். அந்தத் தூரத்தை நொண்டும் நாயோடு ஒருமுறை போய் முடிக்க முடியாது. தையல் பார்க்கவும் எக்ஸ்ரே எடுக்கவும் திரும்பவும் போக வேண்டும்.

சென்னையில் இன்று கீழ்க்காலெலும்பின் தலையை வளைந்த வாளால் அறுத்து, சரிவைக் குறைத்துத் திருப்பி, தகடு பூட்டுகிறார்கள். யாழ்ப்பாணக் குடாநாடு இதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்பதே என் வாதம். மூட்டுக்கு வெளியே தடித்த நைலோன் இழையைப் போட்டு இறுக்கும் பழைய முறை இருக்கிறது. குருநகர் மீனவர் பார்த்தால் தங்கூசி என்றே சொல்வார். கிருமி நீக்கிய ஒற்றை இழைதான் அது. மாதக்கணக்கில் இழை தளர்ந்துவிடும். அதற்குள் மூட்டைச் சுற்றித் தடித்த திசு வளர்ந்து பிடித்துக்கொள்ளும். இதற்கு எலும்பறுக்கும் வாளும் வேண்டாம், தகடும் வேண்டாம்.

பெரிய நாய்க்கு இது போதுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஓராண்டின் பின் மிகவும் திருப்தியடைந்த உரிமையாளர்கள் தகட்டு முறையில் நூற்றுக்கு 93, இழை முறையில் 75. தகடுதான் மேல், மறுக்கவில்லை. ஆனால் சவ்வு அறுந்த காலோடு சும்மா விடப்படும் றொட்வைலருக்கு 75 என்பது பெரிய எண். 1984இல் வந்த இன்னோர் ஆய்வில், அறுவைச் சிகிச்சையின்றி ஓய்வில் விடப்பட்ட 15 கிலோவுக்கு மேற்பட்ட நாய்களில் ஐந்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. சிறிய நாய்களிலோ நூற்றுக்கு 85 தேறின. பூனைகளும் பெரும்பாலும் எடை குறைத்து, சில வாரம் கூட்டில் அடைத்து வைத்தால் நடந்துவிடும். ஆகவே கத்தி எல்லாவற்றுக்கும் வேண்டியதில்லை; வேண்டியதற்கு அருகில் கிடைக்க வேண்டும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு மருத்துவ பீடம் உண்டு, கால்நடை மருத்துவ பீடம் இல்லை. அது வரும்வரை, வடமாகாண வைத்தியர்களுக்கு இந்த இழைத் தையலிலாவது பேராதனை முறையான பயிற்சி கொடுக்கட்டும்.