அஞ்சினான் புகலிடமும் நான்காவது தானமும்

வெளி மாநிலத் தமிழர் வீடுகளில் மே, ஜூன் மாதம் வந்தால் ஒரே பேச்சுதான். பிள்ளைக்கு எங்கே ஸீட், எந்த மாநிலக் கோட்டா, நேட்டிவிட்டி சர்ட்டிபிகேட் கிடைக்குமா கிடைக்காதா. இந்தப் பேச்சுக்கு அடியில் ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு மாநிலம் தன் கல்லூரி வாசலில் நின்று யாரை "நம்ம பிள்ளை" என்று எண்ணலாம்? இக்கேள்விக்கு விடை சொன்ன பழைய தீர்ப்பு ஒன்றை வைத்துக்கொண்டு, தமிழ்நாட்டு முகாம்களில் வளரும் இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்பைப் பற்றி நம்மவர்கள் சொல்லும் கருத்துகளை உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

டி.பி. ஜோஷி எதிர் மத்திய பாரத அரசு என்பது வழக்கின் பெயர். ஆண்டு 1955. பைட்டக்கானாவில் காகித வியாபாரம் செய்பவனுக்குப் பழைய சட்டப் புத்தகக் கட்டுகள் எடைக்கு வரும். அப்படி வந்த ஒரு தொகுதியில்தான் இதை முதலில் படித்தேன். இந்தூர் மகாத்மா காந்தி நினைவு மருத்துவக் கல்லூரியில் மத்திய பாரத வாசிகளுக்கு கேபிடேஷன் கட்டணம் கிடையாது. வெளியார் 1,300 அல்லது 1,500 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். டெல்லியிலிருந்து போன மாணவர், இது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் போனார். தோற்றார். ஐவரில் நால்வர் அரசு பக்கம். நீதிபதி ஜகன்னாததாஸ் மட்டும் மாறுபட்டார். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நம்மூர் டி.எல். வெங்கடராம அய்யர். முத்துஸ்வாமி தீட்சிதர் கீர்த்தனைகளில் ஊறிய இசை அறிஞர் என்று பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

அவர் வைத்த வாதம் இரண்டே அடி. பிறந்த இடத்தைக் காரணமாக்கி வேற்றுமை காட்டக் கூடாது என்றுதான் 15ஆவது பிரிவு சொல்கிறது. வசிக்கும் இடம் வேறு, பிறந்த இடம் வேறு. இரண்டாவது, மாநிலம் பணம் போட்டுக் கல்லூரி நடத்துகிறது. அங்கேயே வசிப்பவர் படித்து முடித்தபின் அந்த ஊரிலேயே வைத்தியம் பார்க்க வாய்ப்பு உண்டு. ஆகவே சலுகை நியாயம். நன்றாகக் கவனியுங்கள். சாதி, மொழி, ரத்தம் எதுவும் இதில் இல்லை. இங்கே வாழ்கிறாயா, இங்கேயே இருப்பாயா என்பதுதான் கேள்வி.

தீர்ப்பைவிட எனக்குச் சுவையானது அதில் எடுத்தாளப்பட்ட விதி. "உண்மையான வாசி" யார் என்று மத்திய பாரத அரசு வகுத்த இலக்கணத்தில், 1948 செப்டம்பர் 30க்கு முன் பாகிஸ்தானிலிருந்து வந்து அங்கேயே நிரந்தரமாக இருக்க எண்ணியவரும் சேர்க்கப்பட்டிருக்கிறார்! டெல்லிக்காரர் வெளியார், எல்லை தாண்டி வந்த அகதி உள்ளூரார். அதோடு நிற்கவில்லை. இந்தியாவை ஒட்டிய பிரதேசத்து மக்களில் ஒரு வகுப்பாரைத் தகுதியுடையவர் என்று அரசே பிரகடனம் செய்துகொள்ளவும் அந்த விதியில் இடம் இருந்தது.

1984இல் பிரதீப் ஜெயின் வழக்கில் நீதிபதி பகவதி, இந்தியாவுக்கு ஒரே டொமிசைல்தான், மாநிலத்துக்கு ஒன்று கிடையாது என்று கண்டித்து எழுதினார். ஆனாலும் எம்.பி.பி.எஸ். இடங்களில் வசிப்பிட ஒதுக்கீட்டை அடியோடு நீக்கவில்லை. 2025 ஜனவரியில் தன்வி பெஹல் வழக்கில் முதுநிலை மருத்துவத்துக்கு மட்டும் அது கூடாது என்றாகிவிட்டது. இளநிலைக்கு இன்னும் இருக்கிறது. இந்தச் சட்ட வரலாறு இங்கே இவ்வளவு போதும்.

முகாமுக்கு வருவோம். 1983 கலவரத்துக்குப் பின் படகேறி வந்தவர்கள் மண்டபம் வழியாகப் பல மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 2021இல் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறக்குறைய 58,000 பேர் இருந்தார்கள். எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொழிற்கல்லூரிகளில் அவர்களுக்கு இடம் ஒதுக்கினார்கள். 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பின் அந்தக் கதவு சாத்தப்பட்டது. 1996இல் ஆட்சி மாறிய பிறகுதான் திறந்தது. 1991இல் பதினேழு வயதில் பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு 1996இல் இருபத்திரண்டு வயது. அதற்குள் அவன் பெயிண்ட் டப்பாவைத் தூக்கியிருப்பான். முகாம் ஆண்களில் பலருக்கும் பெயிண்டிங் வேலைதான் கைத்தொழில். கொலையில் அவனுக்கு என்ன பங்கு?

2021 ஆகஸ்டில் முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் 317 கோடி ரூபாய் திட்டம் அறிவித்தார். பொறியியலில் மதிப்பெண் வரிசையில் முதல் 50 முகாம் மாணவர்களின் கல்வி, விடுதிக் கட்டணத்தை அரசு ஏற்பது அதில் ஒரு பகுதி. முகாமின் பெயரும் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. நல்லதே. ஆனால் மருத்துவம்? நீட் எழுத வெளிநாட்டவருக்கும் அனுமதி உண்டு. தடை அதற்கப்பால், மாநில ஒதுக்கீட்டு வாசலில், "இந்தியக் குடிமகன்" என்ற சொல்லில் நிற்கிறது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பால் குடிமகன். பின்னால் பிறந்தவருக்குப் பெற்றோரின் குடியுரிமை வேண்டும். 2004 டிசம்பருக்குப் பின் பிறந்தவருக்கு நிபந்தனை இன்னும் கடுமை. இன்று கல்லூரி வாசலில் நிற்கும் முகாம் பிள்ளை அந்தக் கடைசி வகை. தமிழ்நாட்டு ஆஸ்பத்திரியில் பிறந்து, தமிழ்நாட்டுப் பாடப் புத்தகம் படித்து, வேறு நாட்டை வரைபடத்தில் மட்டும் பார்த்த பிள்ளை.

2019 குடியுரிமைத் திருத்தத்தில் பாகிஸ்தான், வங்காள தேசம், ஆப்கானிஸ்தான் மூன்று நாடுகள் வந்தன. சமணர் என்ற சொல்லும் வந்தது. என் சமயத்துக்கு இடம் கிடைத்த பட்டியலில் இலங்கை என்ற நாட்டுக்கு இடம் இல்லை. இதில் பெருமைப்பட எனக்கு ஒன்றும் இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. ஜெயில் பயம் போயிற்று. ஸீட் வரவில்லை.

நம்மவர் கருத்துகளைப் பார்ப்போம். "அவங்க வரி கட்டலையே" என்கிறார்கள். சோப்பு, எண்ணெய் வாங்கினால் வரி கட்டியாக வேண்டும். கடைக்காரனைக் கேளுங்கள், சொல்வான். "நாளைக்குத் திரும்பிப் போயிடுவாங்க" என்பது அடுத்தது. நாற்பது வருஷமாகப் போகாதவர்களைச் சொல்கிறோம். மாநிலப் பணத்தில் டாக்டராகி அமெரிக்கா போன நம் உறவுப் பிள்ளைகளிடம் யாராவது இதைக் கேட்டதுண்டா? மூன்றாவது, "நம்ம பிள்ளைக்கே கிடைக்கலை". இதில் மட்டும் உண்மையான வலி இருக்கிறது; தள்ள மாட்டேன். கொல்கத்தாவில் பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளை தமிழ்நாட்டில் மருத்துவம் கேட்டால், தன் சான்றிதழும் பெற்றோர் சான்றிதழுமாக அலைய வேண்டும். ஆனால் நம் வழக்கைக் கொஞ்சம் யோசியுங்கள். இங்கே வங்காளத்தில், பத்து வருஷம் வசித்தோம், இடம் கொடு என்கிறோம். அங்கே போய், பூர்வீகம் இருக்கிறது, இடம் கொடு என்கிறோம். வசிப்பு ஒரு கை, ரத்தம் ஒரு கை. முகாம் பிள்ளையிடம் வசிப்பும் இருக்கிறது, மொழியும் இருக்கிறது. அவனிடம் மட்டும் மூன்றாவதாக ஒரு காகிதம் கேட்கிறோம். காகித வியாபாரி சொல்கிறேன், இது நியாயமான எடை இல்லை.

அமெரிக்காவிலும் இதே சண்டைதான். டெக்சாஸ் மாநிலம் 2001இல், மூன்று வருஷம் அங்கே வசித்து உள்ளூர் உயர்நிலைப் பள்ளியில் தேறிய பிள்ளை, குடியேற்றப் பத்திரம் இல்லாவிட்டாலும் உள்ளூர்க் கட்டணமே கட்டலாம் என்று சட்டம் செய்தது. 2025 ஜூனில் மத்திய அரசு வழக்குப் போட்டது. மாநிலம் எதிர்த்து வாதாடாமல் அன்றைக்கே ஒப்புக்கொண்டது, சட்டம் விழுந்தது. இருபத்து நான்கு வருஷ ஏற்பாடு ஒரே நாளில் போயிற்று.

நம் மரபில் இதற்கு வேறு அளவுகோல் இருந்தது. சமணர் அறத்தில் தானம் நான்கு: உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி. அடைக்கலத்துக்கென்று விட்ட இடத்தை "அஞ்சினான் புகலிடம்" என்று தமிழ்க் கல்வெட்டுகள் சொல்கின்றன, மயிலை சீனி. வேங்கடசாமி 'சமணமும் தமிழும்' நூலில் இதை விளக்கியிருக்கிறார். நாலடியார் பிறந்த கதையே, பஞ்சம் பிழைக்கப் பாண்டிய நாட்டுக்கு வந்த எண்ணாயிரம் முனிவரின் கதை என்பார்கள். தமிழ்நாட்டு முகாமில் ரேஷன் உண்டு, பாதுகாப்பு உண்டு, அரசு ஆஸ்பத்திரி உண்டு. நான்காவது தானம் மட்டும் ஆட்சிக்கு ஆட்சி திறந்தும் மூடியும் வந்திருக்கிறது. மருத்துவத்தில் இன்னும் திறக்கவில்லை. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள் பழைய ராணுவ முகாமில் குடியேறி பிஜய்கர் காலனி அமைத்து, 1950இலேயே அங்கே கல்லூரியும் கண்டார்கள். டோலிகஞ்ச், ஜாதவ்பூர் பக்கம் இருப்பவர்கள் தினமும் பார்க்கிற கட்டடம்தான். அவர்கள் கையில் குடியுரிமை இருந்தது, செய்ய முடிந்தது.

குடியுரிமை கொடுப்பது டெல்லியின் வேலை. அதற்காகச் சென்னை காத்திருக்க வேண்டியதில்லை. சேர்க்கைக் கையேட்டை எழுதுவது மாநிலம். பதிவு பெற்ற முகாமில் வசித்து, 6 முதல் 12 வரை தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்தவர் மாநில ஒதுக்கீட்டுக்கும் அதன் கட்டணத்துக்கும் உரியவர் என்று ஒரு வரி சேர்க்கலாம். வழக்கு வரும், வரட்டும். மத்திய பாரத அரசு அப்படிப்பட்ட வரியை எழுதியிருந்தது. அந்த விதிதான் உச்ச நீதிமன்றத்தில் நின்றது.