விரைவுக்கு எதிரே நிற்கும் சொற்கள்

சுறுசுறுப்புக்கு எதிர்ச்சொல் சோம்பல் என்று பள்ளியில் படித்தோம். அந்த இணை சரிதான். ஆனால் பரபரப்புக்கும் படபடப்புக்கும் துறுதுறுப்புக்கும் சோம்பலை எதிரே நிறுத்த முடியாது. பரபரப்புக்கு எதிர் நிதானம். படபடப்புக்கு எதிர் அமைதி. துறுதுறுவென்று திரியும் பிள்ளைக்கு எதிர் அமரிக்கையான பிள்ளை. முதல் இணையில் விரைவு புகழப்படுகிறது. மற்றவற்றில் விரையாமையும் பெருமை பெறுகிறது.

இந்த வேறுபாட்டின் வேர் பழையது. தொல்காப்பிய உரியியல் கதழ்வு, துனைவு என்ற இரு சொற்களுக்கு விரைவு என்று பொருள் சொல்கிறது. அலமரல், தெருமரல் என்பவற்றுக்குச் சுழற்சி என்று தனியே பொருள் தருகிறது. இலக்கு நோக்கிப் பாய்வது வேறு, நிலைகொள்ளாமல் சுழல்வது வேறு. முன்னதற்கு எதிர் மெதுவாகச் செல்வது. பின்னதற்கு எதிர் நிலைத்து நிற்பது.

யாப்பிலும் இந்த எதிர்மை உண்டு. கலிப்பாவுக்குத் துள்ளலோசை, வஞ்சிப்பாவுக்குத் தூங்கலோசை. இங்கே தூங்கல் என்பது உறக்கமன்று, தாழ்ந்து செல்லும் நடை. அது குறையாகவும் எண்ணப்படவில்லை. காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தைப் பாடும் பட்டினப்பாலையில் பெரும்பகுதி வஞ்சியடிகளே. இசையில் முதல்நடை தாழ்ந்த செலவு, திரள் முடுகிய செலவு. இடையில் வாரமும் கூடையும் உண்டு. விரைவுக்கும் மெதுமைக்கும் நடுவே படிகள் இருப்பதைப் பழந்தமிழ் இசையோர் அறிந்திருந்தனர்.

சொல்லின் வடிவத்தையும் கவனிக்க வேண்டும். விறுவிறு, மளமள, குடுகுடு, தடதட ஆகியவை இரட்டைக்கிளவிகள். பிரித்தால் பொருள் தராதவை. மெல்ல மெல்ல, பையப் பைய என்பவையோ அடுக்குத்தொடர்கள். ஒற்றையாக நின்றாலும் பொருள் தருபவை. விரைவை ஒலியால் காட்டும் தமிழ், மெதுமையைப் பெரும்பாலும் பொருளால் சொல்கிறது. விலக்காக இருப்பது மசமச. 'மசமசன்னு நிக்காதே' என்னும்போது அது வசைச்சொல்.

வட்டார வழக்கு இந்தப் பட்டியலை இன்னும் வளமாக்குகிறது. நெல்லைக்காரர் 'பைய வா' என்பார். யாழ்ப்பாணத்தில் 'கெதியா வா' என்றால் விரைந்து வா. 'ஆறுதலா வாங்கோ' என்றால் அவசரப்படாமல் வாருங்கள். அங்கே சுணக்கம் என்றால் தாமதம். ஆறுதலில் கனிவு இருக்கிறது, சுணக்கத்தில் குறை இருக்கிறது. 'ஆற அமர யோசி' என்ற பொதுவழக்கிலும் அதே கனிவைக் கேட்கலாம்.

ஆக, விரைவின் எதிர்ச்சொற்கள் மூன்று திசைகளில் பிரிகின்றன: மெல்லச் செல்வது, அசையாமல் நிலைப்பது, செய்யாமல் மடிவது. இவற்றுள் மூன்றாவது மட்டுமே குற்றம். ஒரு பிள்ளையை மந்தம் என்பதற்கும் மெல்லக் கற்கும் மாணவர் என்பதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. எதிர்ச்சொல் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஒரு சொல்லுக்கு ஓர் எதிர் என்று நிறுத்திவிடாமல், எந்த இடத்தில், யாரைப் பற்றி என்றும் மாணவரைக் கேட்க வைக்க வேண்டும்.