பழையதும் சாத்தூர்ச் சேவும்

அச்சங்குளத்து வெயிலுக்குப் பழையசோறுதான் சரி. ராத்திரி மிஞ்சிய சோற்றை உதிர்த்து ஆறவிட்டு, மண்பானையில் முழுகத் தண்ணீர் ஊற்றி மூடினால், விடிவதற்குள் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் வேலையை முடித்திருக்கும். நீச்சத்தண்ணியில் இளம்புளிப்பு, சோறு விரலுக்கு நசுங்கும். உப்பு, நாலு சின்ன வெங்காயம், கடித்துக்கொள்ளச் சாத்தூர்ச் சேவு. மோர்மிளகாயெல்லாம் அதற்கு அப்புறம்தான் என்பேன்.

ஆனால் சோற்றை வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் போட்டுவைக்கக் கூடாது. வேகவைத்தும் சாகாத பேசில்லஸ் சீரியஸ் வித்துகள் அந்தச் சூட்டில் முளைத்துப் பெருகி நஞ்சு கக்கும். மறுபடி சுடவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. மறுநாள் தாளிக்கத்தான் என்றால், சூடு தணிந்ததும் பிரிட்ஜுக்குப் போகட்டும். பழையது நூல்விட்டாலோ கெட்டவாடை அடித்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். நல்ல பழையதையும் சித்திரை வெயிலில் மத்தியானத்துக்கு மிச்சம் வைக்காதீர்கள்.